உலகநாதன் சாருக்கு ஒரு வாழ்த்துச் செய்தி

வாங்க தம்பி, உள்ள வாங்க. செருப்பு வெளியிலயே கிடக்கட்டும், இங்க யாரும் தூக்கிட்டுப் போக மாட்டாங்க. ஃபேனுக்குக் கீழ உக்காருங்க. உலகநாதன் சார் ரிட்டயர் ஆகுறாரு, பாராட்டு விழாவுக்கு மலர் போடுறோம், உங்க வாழ்த்துச் செய்தி ஒண்ணு வேணும்னு போன்ல கேட்டீங்கள்ல? கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. என்கிட்டயா? அந்த மனுசனுக்கா? சரி, வரட்டும்னு சொல்லிட்டேன். ஏன் சொன்னேன்னு நீங்க திரும்பிப் போகும்போது உங்களுக்கே புரிஞ்சிரும்.

நீங்க தமிழ் வாத்தியார்தான? நல்லதாப் போச்சு. பிசிக்ஸ் வாத்தியாரா இருந்தா இந்நேரம் அவருக்கு ஜால்ரா தட்ட ஆரம்பிச்சிருப்பீங்க. இந்த மாவட்டத்துல பிசிக்ஸ் எடுக்கிற பாதிப் பேரு அவரு ட்ரெய்னிங்ல உக்காந்து எந்திரிச்சவங்க. ரெக்கார்ட் பண்றீங்களா? பண்ணுங்க, பண்ணணும். போனை இன்னும் கொஞ்சம் பக்கத்துல வைங்க. ராஜகனி டீச்சர் அப்படிச் சொல்லலைன்னு பின்னால ஒருத்தரும் சொல்லக்கூடாது.

மலருக்கு என்ன தலைப்பு? ‘அறிவியல் கற்பித்தலில் ஒரு புரட்சி’யா? நல்லா இருக்கு, நல்லா இருக்கு. புரட்சி பண்ணினது யாரு, பேரு வாங்குனது யாருன்னு இப்பச் சொல்றேன், கேட்டுக்கோங்க.

நான் பொம்பளைப் பிள்ளைங்க ஸ்கூல்ல பிசிக்ஸ் எடுத்தவ. சேந்த நாள்லேருந்து ரிட்டயர் ஆகுற வரைக்கும் எனக்கு ஒரே ஒரு பிடிவாதம்தான். லேப்ல பிள்ளைங்க கண்ணால என்ன பாக்குதோ அதைத்தான் பேப்பர்ல எழுதணும். இதுல என்ன பெரிய விசயம்னு நினைப்பீங்க. நீங்க தமிழ் ஆளு, உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். பிராக்டிகல்னா, ஒரு கருவியைக் குடுத்து அளந்து பாரு, கணக்குப் போடு, விடையைச் சொல்லுன்னு கேப்போம். ஆனா விடை எல்லாருக்கும் முன்னாடியே தெரியும், புஸ்தகத்துல அச்சடிச்சிருக்கு. அதனால என்ன செய்வாங்க? விடையிலேருந்து பின்பக்கமா நடந்து வருவாங்க. இந்த விடை வரணும்னா அளவு எவ்வளவு இருந்திருக்கணும்னு கணக்குப் போட்டு, அதை அளந்த மாதிரியே எழுதிருவாங்க. கருவியைத் தொடக்கூட வேண்டாம். அதை வாத்தியாரே சொல்லிக் குடுப்பாரு, தம்பி! பரீட்சைக்கு வேற ஸ்கூல்லேருந்து எக்ஸ்டர்னல்னு ஒருத்தர் வருவாரு. அவருக்கும் இது தெரியும். மத்தியானம் அவருக்கு மட்டன் பிரியாணி, சாயங்காலம் எல்லாப் பிள்ளைக்கும் ஐம்பதுக்கு ஐம்பது. அடுத்த வாரம் இவரு அந்த ஸ்கூலுக்குப் போவாரு, அங்கயும் பிரியாணி. இப்படித்தான் ஓடிக்கிட்டு இருந்துச்சு.

நான் பிரியாணி போடலை. பின்பக்கமா நடக்கவும் சொல்லிக் குடுக்கலை. எங்க லேப்ல கம்பியை இழுத்துக் கட்டி, எடையைத் தொங்கவிட்டு, வீட்டுக்கு வர்ற கரண்ட் வினாடிக்கு எத்தனை தடவை துடிக்குதுன்னு கண்டுபிடிக்கிற சோதனை ஒண்ணு உண்டு. விடை ஐம்பது. ஊர்ல எந்தப் பிள்ளையைக் கேட்டாலும் ஐம்பதுன்னுதான் சொல்லும். எங்க லேப்ல கம்பி பழசு, தேஞ்சு போயிருந்துச்சு. எம்பிள்ளைங்களுக்கு நாப்பத்தாறு வந்துச்சு. எழுதுங்கடின்னேன். நாப்பத்தாறுன்னே எழுதுச்சுங்க. எக்ஸ்டர்னல் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு மார்க்கைக் குறைச்சுட்டுப் போனாரு. பெத்தவங்க வந்து சத்தம் போட்டாங்க. நான் அசையலை.

இப்ப உங்க புரட்சிக்காரருக்கு வருவோம். அவரு பக்கத்து ஊர்ல ஆணும் பொண்ணும் சேந்து படிக்கிற ஸ்கூல்ல இருந்தாரு. வருசா வருசம் அங்க எல்லாருக்கும் ஐம்பது. ஒரு நாள் மாவட்டத்துல இருக்கிற பிசிக்ஸ் டீச்சர் எல்லாருக்கும் மீட்டிங். பெரிய ஆபீசர் வந்திருந்தாரு. ஒவ்வொரு ஸ்கூலா மார்க்கை வாசிச்சுட்டு வந்தவங்க, எங்க ஸ்கூல்ல மட்டும் ஏன் பிராக்டிகல்ல குறையுதுன்னு கேட்டாங்க. நான் எந்திரிச்சு நடந்ததைச் சொன்னேன். பிள்ளைங்களுக்கு நாப்பத்தாறு வந்துச்சு, அதை எழுதினாங்கன்னு சொன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அப்ப இந்த உலகநாதன் எந்திரிச்சு, கையைக் கட்டிக்கிட்டு, ரொம்பப் பவ்யமா, “சார், எனக்கு ஒரு சந்தேகம். ராஜகனி டீச்சர் ஸ்கூலுக்கு மட்டும் மின்வாரியம் தனிக் கரண்ட் குடுக்குதா?”ன்னு கேட்டாரு.

ஹால் முழுக்கச் சிரிப்பு. ஆபீசர் கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சுக்கிட்டுச் சிரிச்சாரு. காப்பி கொண்டுவந்த ஆள்கூடச் சிரிச்சான், அவனுக்கு என்ன புரிஞ்சுதோ. அன்னையிலேருந்து எனக்குப் பேரு நாப்பத்தாறு. “நாப்பத்தாறு வந்தாச்சா?” “நாப்பத்தாறுகிட்ட கேட்டுக்கோங்க.” பஸ் ஸ்டாண்டுல முன்னப்பின்னத் தெரியாத வாத்தியார் ஒருத்தர், “நீங்கதான் அந்த நாப்பத்தாறா?”ன்னு கேட்டாரு தம்பி. அந்த வருசமே இவருக்கு நல்லாசிரியர் விருது. சால்வை போத்துன போட்டோவைப் பேப்பர்ல பாத்தேன். அந்தப் பேப்பர்லதான் அன்னைக்கு மீன் கழுவினேன். வேணும்னேதான் கழுவினேன்.

நான் மறக்கலை. மறக்கிற ஜாதி இல்லை நான். காப்பி எடுத்துக்கோங்க, ஆறிரும். முறுக்கு வீட்டுல சுட்டது, சாப்பிடுங்க.

வருசா வருசம் எக்ஸ்டர்னல் டூட்டி ஆர்டர் வரும்போது உறையைப் பிரிக்கிறதுக்கு முன்னாடி ஜெபம் பண்ணுவேன். ஆண்டவரே, அவரு ஸ்கூலைக் குடும்னு. பழிவாங்குறதுக்கு ஜெபமான்னு கேக்காதீங்க. எங்கெங்கயோ போட்டாங்க. அங்கெல்லாம் போயி அவங்க பிரியாணியைத் தொடாம, கொண்டுபோன புளிசோத்தைத் தின்னுட்டு வந்தேன். அப்புறம் ஒரு வருசம் ஆர்டரைப் பிரிச்சா, அவரு ஸ்கூல்! உறையைக் கையில வச்சுக்கிட்டு வீட்டுக்குள்ள குறுக்கும் நெடுக்கும் நடக்குறேன். எங்க வீட்டுக்காரர், “என்ன, ப்ரமோஷனா?”ன்னு கேட்டாரு. அதைவிடப் பெருசுன்னு சொன்னேன்.

மறுநாளே மதுரைக்குப் பஸ் ஏறிட்டேன். லேப் சாமான் விக்கிற கடைக்குப் போயி ஃபிளின்ட் கண்ணாடியில செஞ்ச பிரிசமா ஒரு டஜன் வாங்கினேன். பிரிசம் தெரியும்ல, முக்கோணக் கண்ணாடிக் கட்டை. ஸ்கூல்ல சாதாரணக் கண்ணாடியில செஞ்சதுதான் இருக்கும். அதை மேசை மேல வச்சு, ஒரு பக்கம் மஞ்சள் விளக்கைப் போட்டு, இந்தப் பக்கம் டெலஸ்கோப் வழியா வெளிச்சம் எவ்வளவு வளையுதுன்னு அளக்கணும். கணக்குப் போட்டா ஒண்ணரை வரும். எந்தப் பிள்ளையும் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் ஒண்ணரைன்னு சொல்லும். ஃபிளின்ட் கண்ணாடி அடர்த்தி ஜாஸ்தி. பாக்க ஒண்ணு போலத்தான் இருக்கும், கையில எடுத்தாக் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். ஆனா அதுல ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டு வரும். அளந்தவளுக்குத் தெரியும். அளக்காதவளுக்குத் தெரியாது. என் திட்டம் புரியுதா?

அதையெல்லாம் பழைய சேலைத் துணியில சுத்தி, சாப்பாட்டுப் பையில போட்டுட்டுப் போனேன். வாசல்லயே அந்த ஆளு கும்பிட்டாரு. “வாங்க டீச்சர், எங்க ஸ்கூலுக்கு நீங்க வர்றது எங்க பாக்கியம்.” பாக்கியம்! இருக்கட்டும்னு உள்ள போனேன். அவரு பிள்ளைங்களுக்கு நம்பர் குடுக்க வெளிய போன நேரத்துல மேசை மேசையா பிரிசத்தை மாத்தி வச்சேன். விதியில எங்கயும் எக்ஸ்டர்னல் பிரிசம் கொண்டுவரக்கூடாதுன்னு எழுதலை. நான் படிச்சுப் பாத்துட்டுத்தான் போனேன்.

பிள்ளைங்க வந்துச்சுங்க. டெலஸ்கோப்ல கண்ணை வச்சுச்சுங்க, திருப்புச்சுங்க, தலையை ஆட்டுச்சுங்க, எழுதுச்சுங்க. என்ன நடிப்பு! ஒவ்வொண்ணு பின்னாடியும் போயிப் பாக்குறேன். ஒண்ணரை. அடுத்தது ஒண்ணரை. அதுக்கு அடுத்தது ஒண்ணு புள்ளி அஞ்சு ஒண்ணு, கொஞ்சம் கெட்டிக்காரன், நிஜம் மாதிரி இருக்கட்டும்னு ஒண்ணு கூட்டியிருக்கான். எனக்கு உள்ளுக்குள்ள தேன் குடிச்ச மாதிரி இருந்துச்சு தம்பி. மறைச்சு என்ன ஆகப்போகுது? அப்படித்தான் இருந்துச்சு.

கடைசி மேசையில ஒரு பிள்ளை. செண்பகவல்லின்னு பேரு. மெலிஞ்ச பிள்ளை. எல்லாரும் எழுதி முடிச்சுட்டாங்க, அது இன்னும் டெலஸ்கோப்பைத் திருப்பிக்கிட்டே இருக்கு. திருப்புது, பாக்குது, எழுதுது, மறுபடி திருப்புது. நான் போயி அது பின்னாடி நின்னேன். பேப்பர்ல ஒண்ணு புள்ளி ஆறு ரெண்டுன்னு எழுதியிருக்கு! நிஜமாவே அளந்திருக்கு! எனக்கு ஆச்சரியம். இந்த ஆளு ஸ்கூல்ல இப்படி ஒண்ணா? “இது சரிதானாம்மா? நல்லாப் பாத்தியா?”ன்னு கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். எக்ஸ்டர்னல் கேக்காம வேற யாரு கேப்பா? அந்தப் பிள்ளை திரும்பி என் முகத்தைப் பாத்துச்சு. அப்புறம் எழுதினதை அடிச்சிட்டு, ஒண்ணரைன்னு எழுதிருச்சு.

அதுக்குத்தான் நான் எல்லாரையும்விடக் குறைச்சலாப் போட்டேன். ஏன்னா மத்ததுங்க தெரியாமப் பொய் எழுதுச்சுங்க, இது உண்மையைத் தெரிஞ்சே பொய் எழுதுச்சு. எது பெரிய குத்தம்? நீங்களே சொல்லுங்க. முறுக்கைக் கடிக்கிறீங்க. சரி, உங்களுக்கு பிசிக்ஸ் தெரியாது.

சாயங்காலம் மார்க்கைப் பாத்ததும் அவரு முகம் செத்துப் போச்சு. “என்ன டீச்சர் இது?”ன்னாரு. ஒரு பிரிசத்தை எடுத்து அவரு முன்னாடி வச்சேன். “அளந்து பாருங்க சார். ஒருவேளை உங்க ஸ்கூலுக்கு மட்டும் வெளிச்சம் தனியா வருதோ என்னவோ”ன்னேன். எத்தனை வருசமா மனசுக்குள்ள சொல்லிப் பாத்து வச்சிருந்த வார்த்தை தெரியுமா அது! ஒரு எழுத்து பிசகாமச் சொன்னேன்.

அந்த ஆளு உக்காந்தாரு. விளக்கைப் போட்டாரு. அளந்தாரு. முதல்ல தப்புன்னு நினைச்சு மறுபடி அளந்தாரு. எனக்கு பஸ் போயிருச்சு, பரவாயில்லைன்னு நின்னு பாத்தேன். கடைசியில நிமிந்து பாத்து என்ன சொன்னாரு தெரியுமா? “எனக்கு விடை தெரியாத பிரிசத்தை இதுவரைக்கும் யாரும் என் கையில குடுத்ததில்லை டீச்சர்”னாரு. நடிப்பு. மகா நடிகன்.

அப்புறம் மார்க்குக்கு வந்தாரு. “மத்தவங்களுக்கு நீங்க போட்டது போட்டபடி இருக்கட்டும், நான் கேக்கலை. இந்தச் செண்பகவல்லிக்கு மட்டும் பாருங்க. இவ கண்டுபிடிச்சிருக்கா”ன்னாரு. “கண்டுபிடிச்சிட்டு அடிச்சிருக்கா சார், அதான் குத்தம்”னேன். “அடிக்கிறதுக்குச் சொல்லிக் குடுத்தது நான். தண்டனையை எனக்குக் குடுங்க. பிள்ளைக்கு வேண்டாம்”னு கையைக் கூப்பினாரு தம்பி. நல்லாசிரியர் விருது வாங்கின கை! அந்தக் கையைப் பாக்கிறதுக்குத்தான் நான் அத்தனை வருசம் புளிசோறு தின்னேன். ஒரு மார்க்கு கூட ஏத்தலை. கையெழுத்துப் போட்டு, உறையில வச்சு ஒட்டிட்டு வந்துட்டேன்.

அந்தப் பிள்ளைக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல கட்-ஆஃப் குறைஞ்சு, கேட்ட காலேஜ் கிடைக்கலைன்னு பின்னால யாரோ சொன்னாங்க. அதுக்கு நான் என்ன செய்யட்டும்? அவங்க அப்பா எங்க ஸ்கூல் வாசல்ல வந்து நின்னாரு ஒரு நாள். சத்தம் ஒண்ணும் போடலை. “நீங்கதான் அந்த டீச்சரா?”ன்னு கேட்டாரு, பாத்தாரு, போயிட்டாரு. எதுக்கு வந்தாருன்னே எனக்குப் புரியலை. சத்தம் போட்டிருந்தாலாவது பதில் சொல்லியிருப்பேன்.

இதெல்லாம் பழைய கதை. என் வயித்தெரிச்சல் இனிமேத்தான் வருது, கேளுங்க. அன்னைக்குக் கிளம்பும்போது அந்த ஆளு, “டீச்சர், இதுல ஒரு பிரிசத்தை நான் வச்சுக்கலாமா?”ன்னு கேட்டாரு. வச்சுக்கோங்க, பாக்கிறப்பெல்லாம் இந்த நாள் ஞாபகம் வரட்டும்னு சொல்லிக் குடுத்தேன். குத்திக்காட்டத்தான் குடுத்தேன். அந்த மனுசன் அதை வச்சு என்ன செஞ்சாரு தெரியுமா?

மறு வருசம் அவரு லேப்ல இருக்கிற எல்லாக் கருவியையும் கலைச்சுப் போட்டுட்டாராம். வேற வேற கண்ணாடி, வேற வேற கம்பி, எதுல என்ன விடை வரும்னு யாருக்கும் தெரியாது. வாத்தியாருக்கே தெரியாது. பிள்ளைங்க அளந்தாத்தான் தெரியும். என் தந்திரம்! அப்படியே என் தந்திரம்! அப்புறம் வட்டாரத்துல ட்ரெய்னிங், அப்புறம் மாவட்டத்துல ட்ரெய்னிங், அப்புறம் சென்னையில கூப்பிட்டு வச்சுக்கிட்டாங்க. பிள்ளைங்க நிஜமா அளக்குது, அறிவியலை நிஜமாப் படிக்குதுன்னு டிவியில பேட்டி. ஊரெல்லாம் உலகநாதன், உலகநாதன். மதுரைக்கு பஸ் ஏறுனது நான். ஃபிளின்ட்டுன்னு கண்டுபிடிச்சது நான். சேலைத் துணியில சுத்தினது நான்.

நான் ஒரு ட்ரெய்னிங்குக்கும் போகலை. அவரு மேடையில நிக்க, நான் கீழ உக்காந்து கை தட்டவா? ஆர்டர் வர்றப்பெல்லாம் மெடிக்கல் லீவு போட்டுருவேன். அவரு என்ன பேசுறாருன்னு யாராவது சொல்ல வந்தாலும் எந்திரிச்சுப் போயிருவேன்.

என்ன கேக்குறீங்க? எம்பிள்ளைங்களுக்கு அந்தப் பிரிசத்தைக் குடுத்தேனாவா? எதுக்கு? அது தண்டனைக்குன்னு வாங்குனது, தம்பி. பாடம் நடத்தவா வாங்கினேன்? மிச்சம் இருக்கிறது எல்லாம் பீரோவுல பத்திரமா இருக்கு.

அதனால நான் சொல்றதை உங்க மலர்ல முதல் பக்கத்துலயே போடணும். வாழ்த்துன்னு தலைப்புப் போட்டுக்கோங்க, எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா உள்ள இதுதான் இருக்கணும். இந்தப் புரட்சி அவரோடது இல்லை, ராஜகனி டீச்சர் கிட்டேருந்து எடுத்தது, ஒரு இடத்துல கூட என் பேரைச் சொன்னதில்லைன்னு. விழா மேடையில அத்தனை பேரு முன்னாடி அவரு அந்தப் பக்கத்தைத் திருப்பிப் படிக்கணும். நான் முன் வரிசையில உக்காந்து அவரு முகத்தைப் பாக்கணும். ரிட்டயர் ஆகிப் போறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை. அதைப் பாத்துட்டா எனக்கு அப்புறம் வேற ஒண்ணும் வேண்டாம்.

ஏன் இப்படி முழிக்கிறீங்க? சொல்லுங்க.

என்ன?

என்ன சோதனை? திரும்பச் சொல்லுங்க.

ராஜகனி சோதனையா?

யாரு வச்ச பேரு? அவரா? எப்பலேருந்து? முதல் ட்ரெய்னிங்லேருந்தேவா? மலருக்குக் கட்டுரை குடுத்த வாத்தியாருங்க எல்லாருமே ராஜகனி சோதனை, ராஜகனி சோதனைன்னுதான் எழுதியிருக்காங்களா? ட்ரெய்னிங் புஸ்தகத்துலயும் அதே பேரா? அதைப் பாத்துட்டுத்தான் இந்த ராஜகனி யாருன்னு தேடிக்கிட்டு வந்தீங்களா? அதை வந்ததும் சொல்றதுக்கு என்ன தம்பி? முறுக்கைத் தின்னுட்டு இவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க!

நில்லுங்க. தண்ணி குடிச்சுக்கிறேன்.

எந்தெந்த மாவட்டத்துல நடக்குது? எல்லாத்துலயுமா? எனக்குத் தெரியாத ஊருல, என்னை ஆளைப் பாத்திராத பிள்ளைங்கல்லாம் என் பேரைச் சொல்லி பிரிசத்தைத் திருப்புதா? எப்படிச் செய்யணும்னு போட்டிருக்கு? சொல்லுங்க, ஒண்ணு விடாமச் சொல்லுங்க. பொருள் என்னன்னு சொல்லக்கூடாது, சரி. விடை வாத்தியாருக்கும் தெரிஞ்சிருக்கக்கூடாது, சரி. அளக்கிற பிள்ளைக்குப் பின்னாடி போயி ஆசிரியர் நிக்கக்கூடாது... அது எதுக்கு? பின்னாடி நின்னா என்ன? வெளிச்சமா மறைஞ்சிரும்? இதான் இந்த ஆளு. நல்லா இருக்கிற சோதனையில சம்பந்தமில்லாம ஒண்ணைக் கொண்டாந்து சொருகுவாரு. நான் அப்படியெல்லாம் சொல்லவே இல்லை.

பாத்தீங்களா தம்பி, எவ்வளவு பெரிய வஞ்சகம்னு? நான் பாட்டுக்கு நிம்மதியாத் திட்டிக்கிட்டு இருந்தேன். காலையில எந்திரிச்சு ஜெபம், காப்பி, அப்புறம் அவரை ஒரு திட்டு. ரிட்டயர் ஆனவளுக்கு வேற என்ன வேலை? இப்ப அதையும் பிடுங்கிக்கிட்டாரு. ஒரு வார்த்தை சொன்னாரா? போன் பண்ணினாரா? ட்ரெய்னிங்குக்கு வந்திருந்தாத் தெரிஞ்சிருக்கும்ங்கிறீங்க. நான் வரமாட்டேன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் செஞ்சிருக்காரு.

அழலை, தூசி. ஃபேன் தூசி.

அந்தப் புஸ்தகம் இருக்கா உங்ககிட்ட? போன்ல போட்டோவா? காட்டுங்க. எழுத்தைப் பெருசாக்குங்க, கண்ணாடி உள்ள இருக்கு. ராஜகனி சோதனை... ஆமா. ஆமா, போட்டிருக்கு. எங்க, இன்னும் கொஞ்சம் மேல தள்ளுங்க. இனிஷியல் எங்க? டி. ராஜகனின்னு இல்லையே? இனிஷியலே போடலையா? இந்த ஜில்லாவுல தெருவுக்கு நாலு ராஜகனி இருக்கா, தம்பி! எங்க கோயில்லயே பாட்டுக் குழுவுல ரெண்டு பேரு! நாளைக்கு எவளாவது ஒருத்தி நான்தான் அந்த ராஜகனின்னு வந்து நின்னா என்ன செய்வீங்க?

அந்த ஆளுக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. வேணும்னேதான் விட்டிருக்காரு. உக்காருங்க, எங்க எந்திரிக்கிறீங்க? ரெக்கார்டை மறுபடி போடுங்க. முதல்லேருந்து சொல்றேன்.